தலைமையிடம் எல்லைக்கு வெளியே: ஸ்பிஷ்–ஒராவா மாவட்டம், 1920–1925

கேள்வி | 4 ஜனவரி 2024

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட போலந்தின் மாவட்டப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். க்ராகூவ் மாகாணத்தில் ஸ்பிஷ்–ஒராவா என்றொரு மாவட்டம் 1920இல் தோன்றி 1925இல் மறைந்துவிடுகிறது. அதன் தலைமையிடம் நோவி தார்க் என்று போட்டிருக்கிறது. ஆனால் நோவி தார்க் வேறொரு மாவட்டத்தின் தலைமையிடம் அல்லவா? இது அச்சுப்பிழையாகத்தான் இருக்க வேண்டும். ஐந்தே ஆண்டு இருந்த ஒரு மாவட்டத்துக்கு வரலாறு என்று தனியாக ஏதேனும் உண்டா?

குறிப்பு | 4 ஜனவரி, இரவு

அச்சுப்பிழை அன்று. நோவி தார்க் நகரில் ஒரே காலத்தில் இரண்டு மாவட்ட நிர்வாகங்கள் இயங்கின. ஒன்று, அந்நகரும் அதைச் சுற்றிய போத்ஹாலெ பகுதியும் அடங்கிய நோவி தார்க் மாவட்டத்துக்குரியது. மற்றது ஸ்பிஷ்–ஒராவா மாவட்டத்துக்குரியது; அந்த மாவட்டத்துக்கு நகருக்குள் ஒரு முழ நிலம்கூடக் கிடையாது.

வரைபடத்தை விரித்தால் காரணம் தெரிந்துவிடும். அந்த மாவட்டம் ஒன்றையொன்று தொடாத இரண்டு துண்டுகளாக, சட்டையின் இரு பக்கப் பைகளைப் போலக் கிடந்தது. மேற்கே, பாபியா கூரா மலையின் அடிவாரத்தில் ஒராவா. கிழக்கே, பியாவ்கா ஆற்றையும் துனாயெத்ஸ் ஆற்றையும் ஒட்டி ஸ்பிஷ். இரண்டுக்கும் நடுவில் நோவி தார்க். இரண்டு துண்டுகளையும் சேர்த்தாலும் சுமார் 580 சதுர கிலோமீட்டர்தான். மக்கள்தொகை 25,000 அளவில் இருந்தது. முழுக்க முழுக்கக் கிராமங்கள். நகரம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. ஒராவாவின் பெரிய ஊரான யப்வோன்காவில் அலுவலகத்தை வைத்திருந்தால் ஸ்பிஷ் மக்கள் இன்னொரு மாவட்டத்தைக் குறுக்கே கடந்து போக வேண்டியிருந்திருக்கும்; ஸ்பிஷில் வைத்திருந்தால் ஒராவா மக்களுக்கு அதே பாடு. இரு பக்கத்தாரும் சந்தைக்கு வந்துபோகக்கூடிய ஊர் நோவி தார்க் ஒன்றுதான்.

தனி வரலாறு உண்டா என்ற கேள்விக்கு ஒரே மூச்சில் விடை சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

குறிப்பு | 5 ஜனவரி

நிலவியல் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. ஸ்பிஷில் பெய்யும் மழை துனாயெத்ஸ் வழியாக விஸ்துலாவில் சேர்ந்து பால்டிக் கடலுக்குப் போகிறது. போலந்து ஒராவாவில் பெய்யும் மழையோ கறுப்பு ஒராவா ஆற்றில் இறங்கி, வாக் ஆற்றின் வழியே தன்யூபை அடைந்து, கருங்கடலில் கலக்கிறது. ஏறத்தாழ முழுவதும் பால்டிக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும் போலந்தில் இது அரிது. 1920இல் அவசர அவசரமாகத் தைக்கப்பட்ட மாவட்டம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை: அதன் இரு பாதிகளும் இரு வேறு கடல்களைச் சேர்ந்தவை.

குறிப்பு | 7 ஜனவரி

இனி அது பிறந்த கதை. 1918 வரை இந்தக் கிராமங்கள் ஹங்கேரி முடியரசைச் சேர்ந்தவை. பியாவ்கா ஆற்றுக்கு மேற்கே இருந்த போத்ஹாலெ, ஆஸ்திரியாவின் கலீசிய மாகாணம். ஒரே பேரரசர்தான், ஆனாலும் ஆற்றின் இரு கரையிலும் சட்டம் வேறு, பள்ளி மொழி வேறு, அலுவலக மொழி வேறு. மலைக்கிராமத்தார் பேசியது போலந்து மொழியின் மலை வழக்கு. கோயிலில் பாடியது பெரும்பாலும் ஸ்லோவாக்கில். பள்ளியில் படித்தது ஹங்கேரிய மொழியில்.

ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசு உடைந்ததும், 1918 இறுதியில் போலந்துப் படைகள் இப்பகுதிக்குள் வந்தன. 1919 ஜனவரியில் நேச நாட்டுப் படைத்தலைவர் மார்ஷல் ஃபோஷின் உத்தரவின்பேரில் வெளியேறின. செக்கோஸ்லோவாக்கியப் படைகள் அவ்விடத்தைப் பிடித்தன. 1919 செப்டம்பரில் பாரிஸில் கூடிய வல்லரசுகள், சியெஷின் சிலேசியாவிலும் ஸ்பிஷிலும் ஒராவாவிலும் மக்கள் வாக்கெடுப்பு நடக்கட்டும் என்று முடிவு செய்தன. வாக்கெடுப்புக்கான ஆயத்தங்கள் நடந்தன, கூட்டங்கள் நடந்தன, கைகலப்புகளும் நடந்தன. வாக்கெடுப்பு மட்டும் நடக்கவே இல்லை.

1920 ஜூலையில் செஞ்சேனை வார்சாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் நடந்த மாநாட்டில் போலந்துப் பிரதமர் வ்வதிஸ்வாவ் க்ராப்ஸ்கி, மேற்கு நாடுகளின் உதவி வேண்டி, இந்த எல்லைத் தகராறில் வல்லரசுகள் சொல்வதை ஏற்கிறோம் என்று ஒப்புக்கொண்டார். ஜூலை 28 அன்று அந்த வல்லரசுகளின் தூதர்கள் மன்றம் கோடு போட்டது. ஒராவாவின் வடகிழக்கு மூலையும் ஸ்பிஷின் வடமேற்கு மூலையும் போலந்துக்கு, மற்றதெல்லாம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. போலந்தின் சார்பில் கையெழுத்திட்ட பதெரெவ்ஸ்கி, எதிர்ப்புக் கடிதம் ஒன்றையும் உடன் கொடுத்தார். பியானோ மேதை என்று உலகம் அறிந்த அதே பதெரெவ்ஸ்கிதான்.

இப்படிக் கிடைத்த இரண்டு மூலைகளைச் சேர்த்ததுதான் நம் மாவட்டம்.

குறிப்பு | 8 ஜனவரி

நேற்றைய குறிப்பில் அரசுகளே பேசுகின்றன. ஊர்க்காரர் ஒருவரும் பேசவில்லை. அதனால் இது.

1919 ஏப்ரல் 11 அன்று பாரிஸில் அமெரிக்க அதிபர் வில்சனை மூன்று பேர் சந்தித்தார்கள். ஒருவர் ஃபெர்தினந்த் மஹாய், யப்வோன்காவில் பிறந்த இளம் பாதிரியார். மற்ற இருவர் விவசாயிகள்: ஒராவாவின் ரப்சா கிராமத்துப் பியோத்ர் பொரோவி, ஸ்பிஷின் லெந்தாக் கிராமத்து வோய்சியெஹ் ஹால்சின். இருவரும் மலைநாட்டுக் கம்பளி உடையிலேயே போனார்கள். தங்கள் மண்ணைப் போலந்தோடு சேர்க்க வேண்டும் என்று, உலக வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்த மனிதரிடம் நேரில் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு கோடு போடப்பட்டபோது மஹாயின் யப்வோன்கா போலந்துக்கு வந்தது. ரப்சா வரவில்லை. லெந்தாக்கும் வரவில்லை. பாரிஸ் வரை போன விவசாயிகள் இருவரின் ஊர்களும் மறுபக்கத்தில் நின்றுவிட்டன. இந்த மாவட்டத்தைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியதற்கு இந்த ஒரு செய்திதான் காரணம். ஒராவாப் பகுதியின் பழைய வரைபடத் தாளில் ரப்சாவைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். எல்லைக் கோடு அங்கிருந்து வெகுதூரமில்லை.

குறிப்பு | 11 ஜனவரி

“அப்படியென்றால் மக்கள் போலந்தைத்தான் விரும்பினார்கள்” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. பொரோவியும் ஹால்சினும் உண்மையாக விரும்பினார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்களில் பலர் தங்களை ஸ்லோவாக்குகள் என்றே கருதினர். இன்னும் பலர் தங்களை ஸ்பிஷ்காரர், ஒராவாக்காரர் என்பதற்கு மேல் எந்த நாட்டினர் என்றும் எண்ணிப் பார்த்ததில்லை. பேச்சுவழக்கைக் கேட்ட போலந்து அறிஞர்கள் அவர்களைப் போலந்துக்காரர்கள் என்றார்கள். வழிபாட்டு மொழியையும் ஹங்கேரிய முடியரசின்கீழ்க் கழிந்த நூற்றாண்டுகளையும் பார்த்த ஸ்லோவாக் அறிஞர்கள் ஸ்லோவாக்குகள் என்றார்கள். இரு தரப்பும் தமக்கு வேண்டிய சான்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டது என்பதே என் கணிப்பு.

1920க்குப் பிறகு பள்ளியிலும் கோயிலிலும் போலந்து மொழி வந்தது. ஒரு தலைமுறைக்கு முன்பு ஹங்கேரிய மொழி எப்படி மேலிருந்து வந்ததோ அப்படியே இதுவும் வந்தது. பலருக்கு அது தாய்வீட்டுக்குத் திரும்பியதாக இருந்தது. வேறு பலருக்கு, பாட்டி பாடிய ஸ்லோவாக் பாட்டைக் கோயிலில் பாட முடியாமற்போன காலமாக இருந்தது. ஸ்லோவாக் சிறுபான்மையினர் இன்றும் அந்தக் கிராமங்களில் வாழ்கிறார்கள். வாக்கெடுப்பு நடந்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்று ஊகித்து எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேட்காமல் விட்டார்கள். அந்தக் குறை எந்தத் தரப்புக்கும் தீராது.

குறிப்பு | 14 ஜனவரி

ஏன் தனி மாவட்டம்? நோவி தார்க் மாவட்டத்தோடு அன்றைக்கே சேர்த்திருக்கலாமே? முதல் கேள்வியின் உள்ளே இருந்த உண்மையான கேள்வி இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

சட்டம்தான் விடை என்று நினைக்கிறேன். புதிதாகப் பிறந்த போலந்துக் குடியரசு ஐந்து சட்ட முறைகளைச் சுமந்துகொண்டு பிறந்தது. மேற்கே ஜெர்மன் சட்டம். நடுவில் நெப்போலியன் காலத்துச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட முறை. கிழக்கே ரஷ்யச் சட்டம். தெற்கே ஆஸ்திரியச் சட்டம். ஐந்தாவதான ஹங்கேரியச் சட்டம் செல்லுபடியானது ஸ்பிஷிலும் ஒராவாவிலும் மட்டும். கோடிக்கணக்கான மக்களைக் கொண்ட ஒரு நாட்டில், இருபத்தைந்தாயிரம் பேருக்காக ஒரு தனிச் சட்ட உலகம்! திருமணம், வாரிசுரிமை, நிலப்பதிவு, ஊராட்சித் தேர்தல் என எதை எடுத்தாலும் பியாவ்கா ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று. ஆஸ்திரிய முறையில் பழகிய நோவி தார்க் அலுவலர் ஒருவர், ஹங்கேரிய மொழியில் எழுதப்பட்ட பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்?

1921 அக்டோபர் 26 அன்று போலந்து நாடாளுமன்றம், 1920 ஜூலை 28ஆம் நாள் முடிவின்படி கிடைத்த நிலங்களின் சட்ட நிலையை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் இயற்றியது. அதைத் தொடர்ந்து 1922இல் ஹங்கேரியச் சட்டத்தின் இடத்தில் அண்டைப் பகுதியின் ஆஸ்திரியச் சட்டம் வந்தது. மொழியும் சட்டமும் பதிவேடும் வேறாக இருந்த ஒரு நிலத்தை மெல்லக் கரைத்துச் சேர்க்கும் வரை அதைத் தனியே வைத்திருப்பதற்கான ஏற்பாடுதான் இந்த மாவட்டம்.

குறிப்பு | 15 ஜனவரி

நேற்று எழுதியதைப் படித்தபோது ஒன்று உறுத்தியது. சட்டம்தான் காரணம் என்றால், 1922இல் சட்டம் மாறியதும் மாவட்டம் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை, இன்னும் மூன்று ஆண்டு நீடித்தது. ஆகவே சட்டம் பாதி விடைதான். மீதிப் பாதி யாவோஜினாவில் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும், நாளை எழுதுகிறேன்.

குறிப்பு | 16 ஜனவரி

யாவோஜினா தத்ரா மலைகளின் வடக்குச் சரிவில் உள்ள சின்னஞ்சிறு ஊர். சுற்றிலும் காடு, காடு முழுவதும் ஹோஹென்லோஹெ இளவரசரின் வேட்டைப் பண்ணை. 1920இன் கோட்டில் அது செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனது. போலந்து விடவில்லை. அருகிலுள்ள யுர்கூவ் கிராமம் போலந்தில், அவ்வூராரின் மேய்ச்சல் நிலங்களோ எல்லைக்கு அப்பால். ஆகவே கோட்டை நகர்த்த வேண்டும் என்று வாதாடியது. எல்லை வரையறை ஆணையத்தில் தீரவில்லை. தூதர்கள் மன்றத்தில் தீரவில்லை. நாடுகள் சங்கத்துக்குப் போயிற்று. சங்கம் ஹேக் நகரிலிருந்த நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது.

1923 டிசம்பர் 6 அன்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது: எல்லை 1920 ஜூலை 28 அன்றே தீர்மானிக்கப்பட்டுவிட்டது, உள்ளூர்த் தேவைகளைக் கருதி ஆணையம் சிறு மாற்றங்களை முன்மொழியலாம், அவ்வளவுதான். 1924 மார்ச்சில் சங்கத்தின் மன்றம் அதையொட்டி முடிவெடுத்தது. மே 6 அன்று க்ராகூவில் இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்து, எல்லையோர மக்களின் போக்குவரவுக்கு வழி வகுத்தன. யாவோஜினா செக்கோஸ்லோவாக்கியாவிடமே நின்றது. ஒராவாவில் ஒரு கைமாற்றம் நடந்தது: சுஹா கூரா, க்வொதூவ்கா ஆகிய இரு கிராமங்கள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குத் திரும்பின, பதிலுக்கு லிப்னித்சா வியெல்காவின் ஒரு பகுதி போலந்துக்கு வந்தது. பட்டியல்களில் இந்த மாவட்டத்தின் கிராம எண்ணிக்கை ஒன்றுக்கொன்று ஒத்துவராததற்கு இந்தக் கைமாற்றமும் ஒரு காரணம்.

இப்போது தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1924இல் எல்லைத் தகராறு முடிகிறது. 1925 ஜூலை 1 அன்று மாவட்டம் கலைக்கப்பட்டு நோவி தார்க் மாவட்டத்தோடு சேர்கிறது. ஸ்பிஷ், ஒராவா என்ற இரு பெயர்களையும் தாங்கிய ஒரு மாவட்டம் இருக்கும் வரை, அந்தப் பெயர்களுக்குரிய மற்ற நிலங்களின் மீதான கோரிக்கையும் உயிரோடு இருப்பதாகத் தோற்றம் அளித்தது. கோரிக்கை மூடப்பட்ட பிறகு பெயருக்கு வேலை இல்லை. “இதற்காகத்தான் கலைக்கிறோம்” என்று எழுதிய ஆணை எதையும் நான் காட்டவில்லை. தேதிகளின் நெருக்கத்திலிருந்து நான் எடுக்கும் முடிவு இது. சட்டமும் எல்லையுமாக இரண்டு வேலைகளும் முடிந்த பிறகே மாவட்டம் முடிந்தது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

குறிப்பு | 19 ஜனவரி

சுஹா கூராவைப் பற்றிச் சிறு சேர்க்கை. நோவி தார்கிலிருந்து அந்த ஊர் வரை 1904இல் ஓர் இருப்புப்பாதை போடப்பட்டிருந்தது. அங்கிருந்து ஒராவாப் பள்ளத்தாக்கு வழியாக வாக் ஆறு வரை தொடரும். பேரரசுக் காலத்தில் கலீசியாவையும் ஹங்கேரியையும் இணைக்கப் போட்ட பாதை அது. 1920இல் சுஹா கூரா போலந்துக்கு வந்தது, 1924இல் போனது. தண்டவாளம் அசையவில்லை, நாடு மட்டும் மாறியது. இப்போது அந்தத் தடத்தில் மிதிவண்டிப் பாதை ஓடுகிறது. க்ராகூவில் வேலை பார்த்த காலத்தில் அதில் போயிருக்கிறேன். ரயிலுக்காக வெட்டிய தடம் என்பதால் மேடு தெரியாமல் ஏறலாம். இரு பக்கமும் கரிச்சேற்று நிலம், தெற்கே தத்ரா. எல்லையைக் கடந்ததே தெரியாது. அறிவிப்புப் பலகையில் மொழி மாறும்போதுதான் தெரியும்.

குறிப்பு | 22 ஜனவரி

மாவட்டத்தை நிர்வகித்தவர் யாரென்று கேட்டிருந்தீர்கள். யான் பெத்னார்ஸ்கி, நோவி தார்க் நகரத்து மருத்துவர், கலீசிய மாகாண சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். ஸ்பிஷ், ஒராவா மக்களைப் போலந்தின் பக்கம் ஈர்க்கும் வேலையில் போருக்கு முன்பிருந்தே ஈடுபட்டவர்களில் ஒருவர். பிரச்சாரம் செய்த அதே கையில் நிர்வாகத்தையும் கொடுத்தார்கள். ஊரையும் ஆட்களையும் நன்கு அறிந்த ஒருவர் வந்தது நல்லதுதான். ஆனால் போலந்தை விரும்பாத ஸ்லோவாக் குடும்பம் ஒன்று அவர் அலுவலகத்தின் கதவைத் தட்டும்போது நடுநிலையான அதிகாரியாக அவரை எண்ணியிருக்குமா என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் 1926இல் காலமானார். மாவட்டம் போய் ஓராண்டில்.

குறிப்பு | 27 ஜனவரி

சட்டத்தைப் பற்றி எழுதியபோது ஒன்றைத் தள்ளிவைத்தேன், ஏனெனில் அதற்கே ஒரு தனிக் குறிப்பு தேவை: நியெஜித்சா.

துனாயெத்ஸ் ஆற்றின் தென்கரையில், செங்குத்தான பாறை மேல் நியெஜித்சாக் கோட்டை நிற்கிறது. எதிர்க்கரையில் சோர்ஷ்தின் கோட்டையின் இடிபாடுகள். நூற்றாண்டுகளாக இது ஹங்கேரியின் காவல், அது போலந்தின் காவல். இன்று நடுவில் அணைக்கட்டின் ஏரி பரந்து கிடக்கிறது. கோட்டை மதிலில் நின்றால் படகுகள் தெரிகின்றன. 1920இல் கோட்டை போலந்துக்கு வந்தது. ஆனால் அதன் உடைமையாளர்கள், சலமோன் என்ற ஹங்கேரியப் பிரபுக் குடும்பத்தார், அப்படியே இருந்தார்கள். அவர்களோடு ஷெலாஷ் முறையும் இருந்தது.

ஷெலாஷ் எனப்பட்டவர்கள் பண்ணை நிலத்தில் குடியிருந்த ஏழைக் குடியானவர்கள். பணமாகக் குத்தகை கொடுப்பதில்லை. நிலத்துக்கும் வீட்டுக்கும் ஈடாகப் பண்ணையில் உடலுழைப்புத் தர வேண்டும். ஹங்கேரியில் பண்ணை அடிமைமுறை 1848இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் பிரபுவின் சொந்த நிலத்தில் குடியிருந்த இவர்களை அந்தச் சீர்திருத்தம் தொடவில்லை. பேரரசு போயிற்று, குடியரசு வந்தது, ஹங்கேரியச் சட்டம் போயிற்று, மாவட்டமே வந்து போயிற்று. அவர்கள் மட்டும் கோட்டைக்கு வேலை செய்யப் போய்க்கொண்டிருந்தார்கள். 1931இல்தான் போலந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றி இதற்கு முடிவு கட்டியது.

சட்டங்களை ஒன்றாக்கி முடித்ததால் மாவட்டத்தின் பணி முடிந்தது என்று 14ஆம் தேதி எழுதினேன். காகிதத்தில் அது சரி. நியெஜித்சாவின் ஷெலாஷ் குடும்பத்துக்கு அந்தப் பணி மேலும் ஆறு ஆண்டுக்கு முடியவில்லை. இந்த மாவட்டத்தின் ஐந்தாண்டுகளில் எதையேனும் தவறிய கடமை என்று சொல்ல வேண்டுமானால், யாவோஜினாவின் வேட்டைக்காட்டுக்காக ஹேக் வரை போனவர்கள், தங்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த கோட்டையின் அடிவாரத்தைக் கவனிக்காமல் விட்டதையே சொல்வேன். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

குறிப்பு | 28 ஜனவரி

ஒராவாவில் பார்க்கத்தக்கது என்ன என்று கேட்டவருக்கு: ஒராவ்கா கிராமத்து மரக்கோயில். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டியது. உள்ளே பலகைச் சுவர் முழுக்க ஓவியம். பத்துக் கட்டளைகளை ஊர்க்காட்சிகளாகத் தீட்டியிருக்கிறார்கள். புனிதர்களின் வரிசையில் ஹங்கேரிய மன்னர்களும் நிற்கிறார்கள். இந்நிலம் எத்தனை கைமாறியது என்பதை அறிய அந்தச் சுவரை நிதானமாகப் பார்த்தாலே போதும். அங்கிருந்து சூப்ஜித்சா கூர்னாவுக்குப் போனால், பழைய ஒராவா வீடுகளைக் கொண்ட திறந்தவெளி அருங்காட்சியகமும் உண்டு.

குறிப்பு | 2 பிப்ரவரி

1925க்குப் பிறகு நடந்தவற்றையும் சேர்த்துவிடுகிறேன். இல்லாவிட்டால் பட்டியல் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். 1938 நவம்பரில், செக்கோஸ்லோவாக்கியா நொறுங்கிக்கொண்டிருந்த வேளையில், போலந்து யாவோஜினாவை எடுத்துக்கொண்டது; சுஹா கூராவையும் க்வொதூவ்காவையும் மறுபடி எடுத்துக்கொண்டது. ஹேக்கில் தோற்ற வழக்கை ஆயுத பலத்தால் வென்றதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அடுத்த ஆண்டே, ஹிட்லரின் கூட்டாளியாகப் போலந்தைத் தாக்கிய ஸ்லோவாக் அரசு, அவற்றோடு சேர்த்து 1920இல் போலந்துக்குப் போன கிராமங்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டது. 1945இல் 1938க்கு முந்தைய கோடு திரும்பி வந்தது. 1958இல் இரு நாடுகளும் எல்லை உடன்படிக்கை செய்து அதை உறுதிப்படுத்தின.

இந்த மாற்றங்கள் எதிலும் ஸ்பிஷ்–ஒராவா மாவட்டம் மீண்டும் உயிர்பெறவில்லை. இன்று யப்வோன்காவும் நியெஜித்சாவும் நோவி தார்க் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. யுர்கூவும் அதன் அண்டைக் கிராமங்கள் சிலவும், 1999இன் நிர்வாகச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, ஜகோபானேயைத் தலைமையிடமாகக் கொண்ட தத்ரா மாவட்டத்தில் இருக்கின்றன. ஆகவே, பட்டியலில் நீங்கள் கண்ட தேதிகளும் சரி, தலைமையிடமும் சரி. நோவி தார்க் என்ற பெயர் அருகில் “மாவட்ட எல்லைக்கு வெளியே” என்று ஒரு குறிப்பு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.